தலைச்சனுக்கு வராதது இரண்டாவதுக்கு வருமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடுகளிலிருந்து வந்தவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "தலைச்சனுக்கு இதெல்லாம் செய்யவில்லையே!" ஒருமுறை பெற்றுப் பார்த்த தைரியம் நல்லதுதான். ஆனால் முதல் பிரசவம் உடம்பில் சில தடங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். கருப்பையில் ஒரு தழும்பு, ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள், கரைந்துபோன இரும்புச்சத்து என்று எதுவாகவும் இருக்கலாம். அடுத்த கர்ப்பம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் சில பதில்கள் நீளமாகவே இருக்கும். மகப்பேறு மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர், பிரசவ வார்டு செவிலியர் மூவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். மருந்தின் அளவுகளை விவரம் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறோம். உங்கள் உடம்புக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும்.

எனக்கு ஓ நெகட்டிவ். முதல் பையனுக்கு பி பாசிட்டிவ். மூன்று வயதாகிறது, நன்றாக இருக்கிறான். இப்போது 10 வாரம். முதல் பிரசவத்தின்போது ஊசி போட்டார்களா என்று எனக்கு நினைவில்லை. "முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இதுக்கும் ஆகாது" என்கிறார் அத்தை. – வாசகி, தாராபுரம்

முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாததே இந்தப் பிரச்சினையின் இயல்பு. அதனால்தான் வீட்டில் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கர்ப்பத்தில் பெரும்பாலும் கலப்பதில்லை. நச்சுக்கொடி பிரியும் நேரத்தில்தான் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்துக்குள் போகும். நெகட்டிவ் தாயின் உடம்புக்கு அந்தப் பாசிட்டிவ் அணுக்கள் அந்நியம். அவற்றை அழிக்க எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் முதல் குழந்தை பிறந்து, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்து வயிற்றில் வருவதும் பாசிட்டிவாக இருந்தால், தயாராக இருக்கும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாக உள்ளே போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தைக்குக் கருவிலேயே சோகை வரும். கடுமையானால் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். பிறந்தபின் மஞ்சள் காமாலை வேகமாக ஏறும்.

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் தாய் சேய் நல அட்டையையும் தேடி எடுங்கள். எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஊசியின் பெயர் ஆன்டி-டி. 'ஆன்டி-டி 300 மைக்ரோகிராம்' என்று தேதியோடு எழுதியிருக்கிறதா பாருங்கள். சீட்டு இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். இப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லிவிடும். அதன் பெயர் இன்டைரக்ட் கூம்ப்ஸ், லேப் சீட்டில் ஐசிடி என்று இருக்கும். கணவரின் ரத்தப் பிரிவையும் பாருங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவாகவே இருக்கும். உங்கள் முதல் பையன் பாசிட்டிவ் என்பதால் அவர் பாசிட்டிவாகத்தான் இருப்பார்.

ஐசிடி நெகட்டிவ் என்று வந்தால் எதிர்ப்பொருள் உருவாகவில்லை, தடுக்க வழி திறந்தே இருக்கிறது என்று பொருள். 28-வது வாரத்தில் மறுபடி ஐசிடிக்கு ரத்தம் எடுத்துவிட்டு, அதன்பின் ஆன்டி-டி 300 மைக்ரோகிராம் தசையில் போடுவார்கள். இந்த வரிசை மாறக்கூடாது. ஊசியை முதலில் போட்டுவிட்டு ரத்தம் எடுத்தால், ஊசியில் இருக்கும் எதிர்ப்பொருளே பரிசோதனையில் லேசாகத் தெரிந்து எல்லோரையும் குழப்பிவிடும். பிரசவமானதும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் பிரிவு, டைரக்ட் கூம்ப்ஸ் (சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை), பிலிருபின் (காமாலையின் அளவு), ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு 300 மைக்ரோகிராம். ஏதோ காரணத்தால் தவறிப்போனால் "நேரம் போய்விட்டது" என்று விட்டுவிடாதீர்கள். 10 நாள் வரைக்கும்கூடப் போட்டால் ஓரளவு பலன் உண்டு. இடையில் ரத்தப்போக்கு, வயிற்றில் அடி, கருக்கலைவு எது நடந்தாலும் உடனே போய் "நான் நெகட்டிவ்" என்று சொல்லுங்கள், அப்போதும் ஊசி தேவைப்படலாம். முந்தைய கருக்கலைப்பை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அதிலும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கக் கூடும்.

ஐசிடி பாசிட்டிவ் என்று வந்தால் ஆன்டி-டி ஊசியால் பயனில்லை. உருவான எதிர்ப்பொருளை அது அழிக்காது. எதிர்ப்பொருளின் அளவைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்து, அது 1:16 அளவை எட்டினால் டாப்ளர் ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். ரத்தம் நீர்த்துப்போனால் வேகம் கூடும், அதை வைத்தே சோகையைக் கண்டுபிடிக்கிறார்கள். கருவிலேயே ரத்தம் ஏற்றும் வசதி பெரிய மையங்களில்தான் உண்டு. எனவே அந்த நிலையில் உள்ளூரில் தங்கிவிடாமல் சீக்கிரம் மாறுவதே நல்லது.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால், வெயிலில் காட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் குழந்தை சிசேரியன். அவளுக்கு இப்போது இரண்டு வயது நான்கு மாதம். நான் ஐந்து மாதம். இந்த முறை சுகப்பிரசவம் ஆகுமா? "ஒருமுறை கத்தி வைத்தால் எப்பவும் கத்திதான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். – வாசகி, பட்டுக்கோட்டை

எப்பவும் கத்திதான் என்பது சரியல்ல. ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்களில், தகுதி பார்த்து முயற்சி செய்பவர்களில், 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தழும்பு பிரசவ வலியில் விரிந்துவிடும் ஆபத்து ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு. எண்ணிக்கை சிறியது, ஆனால் நடந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிர் ஆபத்து. ஆகவே எந்த ஆஸ்பத்திரியில் முயற்சி செய்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும்.

முதல் பிரசவத்தின் அறுவைக் குறிப்பை வாங்குங்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் எப்படிக் கிழித்தார்கள் என்று சொல்ல முடியாது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் முயற்சிக்கலாம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் முயற்சிக்கவே கூடாது. அடுத்து, ஏன் வெட்டினார்கள்? குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தது, இதயத்துடிப்பு குறைந்தது என்பவை அந்தக் குழந்தையோடு போன காரணங்கள். "முழு வலி வந்தும் தலை இறங்கவில்லை" என்றிருந்தால் வாய்ப்பு குறைகிறது. இந்தச் சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு நன்றாகவே கூடும்.

இரண்டு பிரசவங்களுக்கு இடையே 18, 19 மாதங்களுக்குக் குறைவாக இருந்தால் தழும்பு விரியும் ஆபத்து கூடுகிறது. உங்களுக்கு இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிவிடும் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஸ்கேனில் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது? கீழே, பழைய தழும்பின்மேல் இருந்தால் அது தசைக்குள் வேர்விட்டு, பிரசவத்தில் பிரியாமல், கட்டுக்கடங்காத ரத்தப்போக்கை உண்டாக்கலாம். 20-வது வாரத்தில் கீழே இருப்பது பலருக்கு மேலே நகர்ந்துவிடும். 32-வது வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

முயற்சி செய்வதானால், இரவு பகல் எந்நேரமும் அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், ரத்த வங்கி மூன்றும் உள்ள இடத்தில் மட்டும். அரசு மருத்துவமனைகளில் 'சீமாங்க்' (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையம் என்று பலகை இருக்கும் இடங்கள் இதற்கானவை. வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் குழந்தையைப் பெற்ற உங்கள் அக்கா அங்கேயே போகச் சொன்னாலும் போகாதீர்கள். வலி வந்ததும் கையில் ஊசிக்குழாய் போட்டு, ரத்தம் பொருத்தி வைத்து, குழந்தையின் துடிப்பை விடாமல் இயந்திரத்தில் பார்ப்பார்கள். துடிப்பு திடீரென இறங்குவதுதான் தழும்பு விரிவதன் முதல் அறிகுறியாகப் பெரும்பாலும் தெரியும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையிலும் தழும்பு இடத்தில் வலி நிற்காமல் இருந்தால், அல்லது வந்துகொண்டிருந்த வலி சட்டென நின்றுபோனால், வெட்கப்படாமல் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். வலி வரவழைக்க வீட்டில் விளக்கெண்ணெய் குடிப்பதும், மிசோபிராஸ்டால் மாத்திரை வைப்பதும் தழும்புள்ள கருப்பைக்கு ஆகவே ஆகாது.

மறுபடி சிசேரியன்தான் என்று முடிவானால் 39 வாரம் முடிந்தபின் நாள் குறியுங்கள். நட்சத்திரம் பார்ப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, 39 வாரத்துக்குப் பிறகு வரும் நாட்களில் பாருங்கள். நல்ல நேரத்துக்காக 37-வது வாரத்தில் எடுத்த குழந்தை நுரையீரல் பக்குவப்படாமல் மூச்சு வாங்கி, ஐந்து நாள் தாயைப் பிரிந்து வார்மரில் கிடக்கும். அது யாருக்கு நல்ல நேரம்?

கொல்லிமலையில் இருக்கிறோம். மலையிறங்கி நாமக்கல் போக இரண்டு மணி நேரமாகும். மனைவிக்கு முதல் பிரசவத்தில் 16 மணி நேரம் வலி இருந்தது. இந்த முறை எப்போது கிளம்பவேண்டும்? – வாசகர், கொல்லிமலை

16 மணி நேரக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒருமுறை விரிந்த கருப்பை வாய் அடுத்த முறை வேகமாக விரியும். வலி பிடித்து நான்கைந்து மணி நேரத்தில் பிறக்கும் இரண்டாவது குழந்தைகள் நிறைய. வாய் முழுதாகத் திறந்தபின், முதல் பிரசவத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் முக்கியவர்களுக்கு, இரண்டாவதில் சில நிமிடங்களே போதுமாக இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நிமிடங்கள் வந்துவிடக் கூடாது. எங்கள் யோசனை, 38-வது வாரத்திலேயே கீழே உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அது முடியாதென்றால், பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க இடம் தரும் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டா என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே கேளுங்கள்.

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்க வீட்டில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது வேலை செய்கிறதா என்று காத்திருக்காதீர்கள். சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ தணியும், பெரும்பாலும் அடிவயிற்றோடு நிற்கும். பிரசவ வலி இடுப்பில் பின்பக்கம் தொடங்கி முன்னால் சுற்றி வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும், வலி நேரம் கூடிக்கொண்டே போகும். வயிற்றில் கை வைத்தால் வலியின்போது கல் மாதிரி இறுகுவதும் பிறகு தளர்வதும் தெரியும். கைப்பேசியில் ஒவ்வொரு வலியும் தொடங்கும் நேரத்தைக் குறியுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் ஐந்து, ஏழு நிமிடத்துக்கு ஒன்று வரும்வரை பார்க்கலாம். உங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் சீராக வந்தாலே போதும், 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. நீரோடு தொப்புள்கொடி கயிறு போல வெளியே தெரிந்தால், மனைவியை முட்டி போட்டுக் குனியவைத்து, தலை தாழ்ந்தும் இடுப்பு உயர்ந்தும் இருக்கும்படி கொண்டுபோக வேண்டும். கொடியைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது.

இன்னொன்று, இரண்டாவது பிரசவத்தில் மிக முக்கியமானது. "வெளிக்கு வருது" என்று மனைவி சொன்னால் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். குழந்தையின் தலை மலக்குடலை அழுத்துகிறது. அந்த நேரத்தில் பயணத்தைத் தொடங்குவதைவிட இருந்த இடத்தில் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

வண்டி வருவதற்குள் பிறந்துவிட்டால்: கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தலை தெரிந்ததும் உள்ளங்கையை லேசாகக் கொடுத்து, பீய்ச்சி வராமல் தாங்குங்கள், இழுக்காதீர்கள். கழுத்தில் கொடி தளர்வாகச் சுற்றியிருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிடலாம். குழந்தை வந்ததும், துவைத்து உலர்ந்த பருத்தி வேட்டியால் முதுகையும் தலையையும் தேய்த்துத் துடைத்து, ஈரத் துணியைத் தூர எறிந்து, அம்மாவின் வெற்று மார்பின்மேல் குப்புறப் போட்டு, இன்னொரு உலர்ந்த துணியால் இருவரையும் மூடுங்கள். குழந்தையின் தலையும் மூடியிருக்க வேண்டும், முகம் மட்டும் தெரியட்டும். அழவில்லையென்றால் முதலில் வாயையும் பிறகு மூக்கையும் துணியால் துடைத்து, முதுகை மேலும் கீழும் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகத் தூக்கித் தட்டக் கூடாது. கொடியை பிளேடாலோ அரிவாளாலோ வெட்டவேண்டாம். 108 வண்டியில் சுத்தமான கருவி வரும், அதுவரை வெட்டாமல் விடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. நச்சுக்கொடியை இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வந்துவிடும், அது தானாக வரட்டும். வந்தால் ஒரு பையில் போட்டுக் குழந்தைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ரத்தம் அதிகமாகப் போனால் தொப்புளுக்குக் கீழே கருப்பையைத் தேங்காய் போலக் கெட்டியாகும்வரை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள், குழந்தையைப் பால் குடிக்க விடுங்கள்.

மூத்த குழந்தையை இரவு இரண்டு மணிக்கு யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கிளம்பத் தாமதமாவது பெரும்பாலும் இதனால்தான்.

ஏழாவது மாதம், ஹீமோகுளோபின் 8.9. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிட்டேன். – வாசகி, அரக்கோணம்

கர்ப்பத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 7-க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை. உங்களுக்கு நடுவிலுள்ள நிலை, இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. சாதாரணப் பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 11 உள்ளவருக்கு அது களைப்பு, 8.9 உள்ளவருக்கு அது ஆபத்து.

மலம் கறுப்பது மாத்திரையின் நிறம், பயப்படவேண்டாம். குமட்டல் இருந்தால் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும்போது போட்டுப் பாருங்கள். அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. சோகை இல்லாதவருக்கு நாளுக்கு ஒன்று, உங்களைப் போன்றவருக்குக் காலை ஒன்று இரவு ஒன்று. டீ, காபி, பால் இவற்றோடு சேர்த்தால் இரும்பு உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையும் அப்படியே, இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு சேர்த்தால் நன்றாகச் சேரும். குடற்புழு மாத்திரை, அல்பென்டசோல் 400 மில்லிகிராம், நான்காவது மாதத்துக்குப் பிறகு ஒருமுறை தருவார்கள். வாங்கியிருக்காவிட்டால் கேளுங்கள்.

ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவேண்டும். ஏறாவிட்டால், அல்லது மாத்திரையே ஒத்துக்கொள்ளாவிட்டால், நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ். கணக்கு இப்படிப் போடுவார்கள்: எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், 8.9-லிருந்து 11-க்கு ஏறவேண்டியது 2.1 கிராம். 50 × 2.1 × 2.4 = 252. சேமிப்புக்கு 500 கூட்டினால் 752 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 200 வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு தடவை. வீட்டில் ஏற்றக்கூடாது, மருத்துவர் இருக்கும் இடத்தில் மட்டுமே.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் கர்ப்பத்தில் தட்டில் வைத்து ஊட்டிய வீடுகளில், இரண்டாவதில் அவள்தான் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூத்த பிள்ளை மிச்சம் வைத்ததைச் சாப்பிடுகிறாள். இந்த முறையும் முட்டையும் கீரையும் முதலில் அவள் தட்டுக்குப் போகட்டும்.

மருமகளுக்கு இரண்டாவது சுகப்பிரசவம் ஆகி மூன்று நாள். பால் கொடுக்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது என்கிறாள். அழுக்கு தங்கிவிட்டதா? வயிற்றில் துணி கட்டலாமா? தண்ணீர் எவ்வளவு கொடுக்கலாம்? – வாசகி, அருப்புக்கோட்டை

அம்மா, உங்கள் மருமகள் சொல்வது பொய்யோ செல்லமோ இல்லை. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் பாலையும் இறக்குகிறது, கருப்பையையும் சுருக்குகிறது. முதல் பிரசவத்தில் கருப்பைத் தசை இறுகியே இருக்கும், வலி தெரியாது. இரண்டாவதில் தசை தளர்ந்து தளர்ந்து சுருங்குவதால் பிசைகிற வலி. மூன்று நான்கு நாளில் அடங்கும். பால் கொடுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், நிறைந்த மூத்திரப்பை கருப்பையைச் சுருங்கவிடாது. மருத்துவர் தந்த பாராசிட்டமாலைப் போடலாம், பால் குடிக்கும் குழந்தைக்கு அது ஆகாது என்பது தவறு.

அழுக்கு தங்கியதன் அடையாளம் வேறு. துர்நாற்றம், குளிர்க் காய்ச்சல், குறைந்த ரத்தம் மறுபடி கூடுவது, எலுமிச்சை அளவுக்குமேல் கட்டிகள் வருவது. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், கண் மங்கும் தலைவலி, வலிப்பு இவையும் அப்படித்தான். ஆறு வாரம் வரை இந்தக் கண்காணிப்பு வேண்டும்.

துணி கட்டலாம், இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாக. இறுக்கினால் வயிறு உள்ளே போகாது, கருப்பைதான் கீழே இறங்கும். பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் அருமையான சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பிரசவமான உடம்பில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். தண்ணீரும் குறைந்தால் மூளையின் சிரையில் ரத்தக்கட்டு வரலாம், இதனால் கை கால் விழுந்துபோன பச்சை உடம்புக்காரிகள் நம் நாட்டில் பலர். ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர், வெந்நீராக இருந்தாலும் சரி. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு வையுங்கள்.

குழந்தைக்குச் சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து எதுவும் வேண்டாம். "மூத்தவனுக்குக் கொடுத்தோமே" என்பீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கக்கூடியது. மூத்தவன் தப்பித்தான் என்பதற்காக இளையவனை வைத்துப் பார்க்க வேண்டாம். சீம்பால் மட்டும் போதும். தொப்புளில் எதுவும் தடவாமல் உலர விடுங்கள், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள்.

முதல் குழந்தைக்கு 20 மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். நிறுத்த வேண்டுமா? – வாசகி, காரைக்குடி

ஆரோக்கியமான கர்ப்பத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டியதில்லை. ரத்தப்போக்கு இருந்தாலோ, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருந்தாலோ நிறுத்துங்கள். நான்கைந்து மாதத்தில் பால் தானே குறையும், ருசியும் மாறும். பல குழந்தைகள் அப்போது அவர்களாகவே விட்டுவிடுவார்கள். விடாவிட்டால், பிறந்த முதல் நாட்களில் சீம்பால் இளையதுக்கு முதலில், மிச்சம் மூத்ததுக்கு. வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்துவதைப் பிரசவத்துக்கு முந்தின வாரத்தில் செய்யாதீர்கள், "பாப்பா வந்து என் பாலைப் பிடுங்கிட்டா" என்று அவன் மனதில் பதியும்.

மூன்று வயது மகள் தம்பிப் பாப்பாவைக் கிள்ளுகிறாள், மறுபடி படுக்கையில் சிறுநீர் போகிறாள். – வாசகர், ஓசூர்

திட்டவோ "அக்கா ஆயிட்டே, இப்படிச் செய்யலாமா" என்று கேட்கவோ வேண்டாம். அவள் திரும்பக் குழந்தையாகிப் பார்க்கிறாள், சில வாரங்களில் சரியாகும். தனியாக இருவரையும் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள், தொட்டிலை அவள் கைக்கு எட்டாமல் கட்டுங்கள். கிள்ளினால் கையைப் பிடித்து, "கிள்ளினா வலிக்கும், இப்படித் தடவு" என்று காட்டிவிட்டு நிறுத்துங்கள். நீண்ட பிரசங்கம் மூன்று வயதுக்கு எட்டாது. அம்மா தினமும் 15 நிமிடம், பாப்பாவை உங்களிடம் கொடுத்துவிட்டு, அவளோடு மட்டும் இருக்கட்டும். நாப்கின் எடுத்துத் தருவது, சோப்பு டப்பாவைப் பிடிப்பது என்று ஒரு வேலை அவளுக்கே உரியதாக இருக்கட்டும். பார்க்க வருகிறவர்களிடம் "முதல்ல பெரியவகிட்ட பேசுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். புதிதாகப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்போ பின்போ செய்யுங்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலை. மூன்றாவது குழந்தை. எத்தனை வாரம் விடுப்பு? உதவித்தொகை உண்டா? – வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

மகப்பேறு நல விதிகளின்படி, உயிரோடுள்ள பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரம், உங்களுக்கு 12 வாரம். இதில் 6 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவங்களுக்கே. ஆனாலும் பிக்மி என்னும் அரசின் கர்ப்பப் பதிவைக் கட்டாயம் செய்யுங்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண்ணைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவதற்குக் கட்டணமில்லை.

இரண்டு போதும் என்று முடிவு செய்துவிட்டோம். பால் கொடுக்கும்வரை நிற்காது என்கிறார்களே? – வாசகர், நாகர்கோவில்

மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருந்தால்தான் அது உண்மை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிடாய் திரும்பவில்லை. ஒன்று தவறினாலும் கரு நிற்கும். மாதவிடாய் வருமுன்பே கருமுட்டை வெளியாகிவிடும் என்பதால், "இன்னும் தலைக்குக் குளிக்கவில்லை" என்று இருந்தவர்கள்தான் ஆறாவது மாதத்தில் ஸ்கேனுக்கு வருகிறார்கள்.

காப்பர்-டியை நச்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்திலோ 48 மணி நேரத்துக்குள்ளோ வைத்துக்கொள்ளலாம். அது தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பிரசவ அறையில் முதல் முறையாகக் கேட்காமல், எட்டாவது மாதத்திலேயே பேசி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 380ஏ வகை 10 ஆண்டுக்கும் 375 வகை 5 ஆண்டுக்கும் வேலை செய்யும். பால் கொடுப்பவர்கள் அந்தரா என்னும் கருத்தடை ஊசியை ஆறு வாரத்துக்குப்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம். பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை பிரசவமான 7 நாளுக்குள், சிசேரியன் என்றால் அதே நேரத்திலேயே.

கேட்டவர் கணவர் என்பதால் இதையும் சொல்கிறோம்: ஆணுக்கான தழும்பில்லா முறை இதைவிடச் சிறியது. வயிற்றைத் திறப்பதில்லை, உணர்விழக்க ஒரு ஊசி, 15 – 20 நிமிடம், தையல் கிடையாது, அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனம் தூக்காமல் இருக்க வேண்டும். ஆண்மை குறையாது, வெட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும்தான். ஆனால் குழாயில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் தீர மூன்று மாதமாகும். அதுவரை ஆணுறை, மூன்றாம் மாதம் விந்துப் பரிசோதனை. அணு இல்லை என்று சீட்டு கையில் வந்தபிறகே ஆணுறையை விடலாம்.